இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்

தோல் புற்றுநோய் என்று உறுதியான பன்னிரண்டாம் நாள், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகளுக்காகப் புறநோயாளிப் பிரிவில் காத்திருந்தபோது என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு வெப்பமானியின் படம் இருந்தது. அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. இன்றைய நாளையும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் எனக்கு இருந்த மன உளைச்சல் எவ்வளவு என்று அதில் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். என் பக்கத்தில் தங்கை அமர்ந்திருந்தாள். காலில் ஒரு சிறிய கட்டி, அதை எடுக்கப் போகிறார்கள் என்ற அளவுக்கு மட்டுமே அவளிடம் சொல்லியிருந்தேன். பதிவு மேசையில் இருந்தவர், "சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், டாக்டர் கூப்பிடப் போகிறார்" என்றார். அந்த வாரத்தில் நான் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கிய இரவு ஒன்றுகூட இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவது வழக்கமாகியிருந்தது. என் மனத்தில் எழுந்த எண் எட்டு. நான் வட்டமிட்டது இரண்டு. அந்த இரண்டினால் எனக்கு ஏறக்குறைய எட்டு மாதங்களும், இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான பணமும், செய்துகொள்ள வேண்டிய நேரத்தில் செய்துகொள்ளாத ஒரு மறுபரிசோதனையும் போயின. அந்தத் தாள் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, அதில் எழுதுவது எங்கே போய்ச் சேர்கிறது என்று எவரேனும் அன்று ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கும் என்று நம்புவதால், எனக்குக் கிடைக்காத அந்த ஐந்து நிமிடத்தை இங்கே எழுதுகிறேன்.

நோய் வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது குதிகாலின் அடியில் கருமையான ஒரு திட்டு இருந்தது. கால் ஆணி என்று நினைத்துக்கொண்டு நான்கு மாதங்கள் மருந்துப் பட்டை ஒட்டினேன். திட்டின் ஓரம் ஒழுங்கற்றுப் படர்ந்து, நிறம் ஓரிடத்தில் பழுப்பும் ஓரிடத்தில் கறுப்புமாக மாறிய பிறகே தோல் மருத்துவரிடம் போனேன். திசுப் பரிசோதனையில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று வந்தது. கரிய நிறத் தோல் உடையவர்களுக்கு இந்த நோய் அரிது என்பது உண்மை. ஆனால் வரும்போது, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றும் ஏக்ரல் லென்டிஜினஸ் என்னும் வகையாகவே பெரும்பாலும் வருகிறது. இதை நான் அறிந்திருக்கவில்லை. கட்டியின் ஆழத்தை மில்லிமீட்டரில் சொல்லும் பிரெஸ்லோ அளவு எனக்கு 1.1 என்று இருந்தது. சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதித்ததில் அதில் புற்றணுக்கள் இல்லை. நோய் முதல் கட்டத்திலேயே இருந்தது. மேற்கொண்டு மருந்தும் கதிர்வீச்சும் தேவையில்லை, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் அறுவை மருத்துவர். "முழுசா எடுத்தாச்சும்மா, இனி நிம்மதியா இருங்க" என்று அவர் மனமாரச் சொன்னார். அந்த நல்ல வார்த்தைதான் அடுத்த பல மாதங்களுக்கு என் வாயை அடைத்தது. முழுவதும் எடுத்தாகிவிட்ட ஒருத்தி எந்த முகத்தோடு பயமாக இருக்கிறது என்று சொல்வாள்?

ஏன் இரண்டு என்று எழுதினேன் என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். தங்கை பார்த்துவிடுவாள் என்பது முதல் காரணம். மனநிலை சரியில்லை என்று பதிவாகிவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. அப்படி எதுவும் நடப்பதில்லை என்று பின்னால் தெரிந்தது. அதே கூடத்தில் தலைமுடி கொட்டி, மூக்கில் குழாயோடு அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது, குதிகாலில் ஒரு திட்டை வைத்துக்கொண்டு எட்டு என்று எழுத எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், வெளியே சொல்ல வெட்கப்பட்ட ஒரு நம்பிக்கை இருந்தது. மனத்தில் தைரியம் இருந்தால் புற்றுநோய் திரும்ப வராது என்று விஷயம் தெரிந்த உறவினர் இருவர் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் என் பயமே அதைத் திரும்ப அழைத்து வந்துவிடும் என்று நான் பொருள்கொண்டேன். பயத்தை எழுதிக் காட்டுவதுகூட அதற்கு வழிவிடுவதாகும் என்று நினைத்தேன். இன்று சொல்லும்போது அர்த்தமற்றதாகத் தெரிகிறது. அன்று அதுதான் என்னை நடத்தியது.

அந்தத் தாள் என்ன என்பதை இப்போது சொல்கிறேன். அதன் பெயர் டிஸ்ட்ரஸ் தெர்மாமீட்டர், அதாவது மன உளைச்சலை அளக்கும் வெப்பமானி. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை கேட்பது போலவே மனத்தின் வேதனையையும் கேட்டுவிடலாம் என்ற எளிய எண்ணத்தில் பிறந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை உருவாக்கினார்கள். முதல் ஆய்வு 1998இல், புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட ஆண்களிடம் நடந்து வெளியானது. மனநோய், மனச்சோர்வு போன்ற சொற்களைக் கேட்டால் நோயாளிகள் ஒதுங்கிவிடுவார்கள் என்பதால்தான், யாரும் கூச்சமின்றி ஒப்புக்கொள்ளக்கூடிய உளைச்சல் என்ற பொதுச் சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, நான் கொண்டிருந்த அதே கூச்சத்தை முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட கருவி அது. நான்கும் அதற்கு மேலும் எழுதினால் அந்த நபரிடம் யாரேனும் அமர்ந்து பேச வேண்டும் என்பது வழக்கமான விதி. எண்ணுக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கும்: பணம், காப்பீடு, வேலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல், குடும்பத்தில் சிக்கல், பயம், கவலை, தூக்கம், நடமாட்டம், தோற்றம் என்று. எது தொல்லையாக இருக்கிறதோ அதில் குறியிட வேண்டும். இது நோய் கண்டறியும் சோதனை அல்ல. யாரிடம் மேற்கொண்டு பேச வேண்டும் என்று பிரித்துக் காட்டும் சல்லடை மட்டுமே. எட்டு என்று எழுதினால் ஒருவருக்கும் மனநோயாளி என்று முத்திரை குத்துவதில்லை.

எண்ணில் பொய் சொன்ன நான், கீழே இருந்த பட்டியலில் பொய் சொல்லவில்லை. தூக்கம், கவலை, பணம், காப்பீடு, நடமாட்டம் ஆகிய ஐந்திலும் குறியிட்டேன். அது ஏதோ சிறிய தொல்லைகளின் பட்டியல் போலத் தோன்றியதால் கை தயங்கவில்லை. இந்த விவரம் முக்கியமானது. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

அறுவை முடிந்து தோல் ஒட்டு பிடிக்கும்வரை குதிகாலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். அந்த வாரங்களில் அச்சத்துக்கு வேறு வேலை இருக்கவில்லை. மாதம் ஒருமுறை உடல் முழுவதும் தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது மருத்துவர் சொன்ன அறிவுரை. நான் மாதம் ஒருமுறை பார்க்கவில்லை. நாளுக்கு ஆறேழு முறை பார்த்தேன். கைபேசியில் ஒவ்வொரு மச்சத்தையும் படமெடுத்து, நேற்றைய படத்தோடு ஒப்பிட்டு, வெளிச்சம் மாறியதால் நிறம் மாறித் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் நடுங்கினேன். நள்ளிரவில் டார்ச் விளக்கோடு கண்ணாடிமுன் நின்றிருக்கிறேன். என் மருத்துவரிடம் போனால் தேவையில்லை என்று சொல்லிவிடுவார் என்பதால், அவருக்குத் தெரியாமல் மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று மச்சங்களை எடுத்துச் சோதித்தேன். மூன்றும் சாதாரண மச்சங்கள். அதன் பிறகும் மனம் அடங்காமல், யாரும் எழுதித் தராத ஒரு முழுவுடல் ஸ்கேனைச் சொந்தப் பணத்தில் எடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை என்று வந்த நிம்மதி நான்கு நாள் இருந்தது. சம்பளமில்லாத விடுப்பு பதினோரு வாரம். காப்பீட்டுத் தொகைக்கான படிவங்களை மேசையில் வைத்துக்கொண்டே, உறையின்மேல் இருந்த புற்றுநோய் என்ற சொல்லைப் பார்க்க முடியாமல் நாளைக் கடத்தினேன். விண்ணப்பிக்க வேண்டிய கெடு முடிந்துபோனது. சோம்பலாலோ மறதியாலோ அது நடக்கவில்லை. அந்தக் காகிதத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டியது.

மற்றப் புற்றுநோய்களோடு ஒப்பிடும்போது தோல் புற்றுநோயில் இந்தத் தனிமை வேறு விதமானது என்று நான் நினைக்கிறேன். மாதக்கணக்கில் கீமோதெரபிக்கு வருகிறவரை வாராவாரம் செவிலியர் பார்க்கிறார். அவர் முகம் வாடியிருந்தால் ஒருவராவது கேட்பார். எங்களில் பலர் ஓர் அறுவையோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறோம். தோல் மருத்துவரிடமும் அறுவை மருத்துவரிடமுமாக ஆண்டுக்கு நான்கைந்து சந்திப்புகள்; ஒவ்வொன்றும் பத்து நிமிடம்; அந்தப் பத்து நிமிடமும் தோலைப் பார்ப்பதற்கே போய்விடும். வெளியில் இருப்பவர்களுக்கோ, அது தோலில் வந்ததுதானே, வெட்டி எடுத்துவிட்டார்களே என்ற எண்ணம். ஆனால் நோயின் கட்டத்தை வைத்து மனத்தின் நிலையை ஊகிக்க முடியாது. மெலனோமா நோயாளிகளின் மனநிலை குறித்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2009இல் வெளியான ஒரு மீளாய்வு, அவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு உதவி தேவைப்படும் அளவுக்கு மன உளைச்சல் இருப்பதாகச் சொல்கிறது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நான் காத்திருந்த கூடத்தில் என்னைப் போலவே இரண்டு என்று எழுதிக் கொடுத்த இன்னும் சிலர் இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

மூன்றாம் மாத மறுபரிசோதனையில் அந்தத் தாளைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் மாதப் பரிசோதனைக்கு நான் போகவே இல்லை. நாள்தோறும் தோலைத் துருவிப் பார்த்த அதே நான், பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டப் பயந்து, காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அளவுக்கு மீறிச் சோதிப்பதும் சோதனையையே தவிர்ப்பதும் ஒரே அச்சத்தின் இரண்டு வேலைகள் என்று பின்னர் உளவியலாளர் விளக்கினார். மெலனோமாவில் மறுபரிசோதனையைத் தவிர்ப்பது உயிரோடு விளையாடுவது. திரும்ப வந்தால் சீக்கிரம் பிடிப்பதற்காகத்தான் அந்தச் சந்திப்புகள் இருக்கின்றன. இதை நன்றாகத் தெரிந்துகொண்டே ஏழு வாரம் போகாமல் இருந்தேன். இந்த ஒன்றுதான் இன்றும் என்னைக் கலங்க வைக்கிறது.

ஏழு வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டிருந்தால் இன்னொரு பொய் தயாராக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. "முழு ராத்திரி கடைசியா எப்பம்மா தூங்கினீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சிஸ்டர்" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டேன். அவர் காத்திருந்தார். பிறகு, "நாளைக்கு வாங்க. முதல்ல டாக்டரைப் பார்க்க வேண்டாம், என்னைப் பாருங்க" என்றார்.

மறுநாள் கதவு மூடிய ஒரு சிறிய அறையில், கூட யாரும் இல்லாமல், அதே வெப்பமானித் தாளை அவர் என்முன் வைத்தார். எழுதுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சொன்னார்: இதை வாசிக்கப் போவது நானும் உங்கள் மருத்துவரும் மட்டும், நான்கோ அதற்கு மேலோ எழுதினால் இன்னும் சில கேள்விகள் கேட்டு, தேவையானால் உளவியலாளரிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ அனுப்புவோம், எந்த எண்ணை எழுதினாலும் உங்கள் சிகிச்சை மாறாது. நான் ஒன்பது என்று எழுதினேன். எழுதியதும் எனக்கு வந்த உணர்வை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நெடுநாள் சுமந்த பாத்திரத்தை இறக்கி வைத்த பின் கை தானாக மேலே எழும்புமே, அதுபோல இருந்தது.

அதன் பிறகு இரண்டாம் கட்டக் கேள்விகள். பதினான்கு கேள்விகள் கொண்ட ஹாட்ஸ் என்ற படிவத்தில் பதற்றத்துக்கு ஏழும் மனச்சோர்வுக்கு ஏழும் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் மொத்தம் 21, பதினொன்றும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. எனக்குப் பதற்றத்தில் 15, மனச்சோர்வில் 9. நோய் திரும்பும் அச்சத்தை மட்டும் கேட்கும் ஒன்பது கேள்விகள் தனியே இருந்தன. சில இடங்களில் மனச்சோர்வுக்கு பிஎச்கியூ-9 என்ற படிவத்தைத் தருகிறார்கள். அதன் கடைசிக் கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ உடலுக்குத் தீங்கு செய்துகொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அந்தக் கேள்வியைக் கண்டு பதற வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் அப்படிப்பட்ட எண்ணம் உங்களுக்கு இருந்தால், தாளில் குறியிட்டதோடு விட்டுவிடாமல், அன்றே அங்கே இருக்கும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ வாயால் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புவரை அது காத்திருக்கக் கூடாது.

அன்று என் கோப்பு மேசையில் இருந்தது. முதல் தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். செவிலியர் எடுத்துக் காட்டினார். இரண்டைச் சுற்றி என் வட்டம், பக்கத்தில் யாரோ இட்ட சரி என்ற குறி. கீழே நான் குறியிட்டிருந்த ஐந்து கட்டங்களின் அருகில் ஒன்றும் இல்லை. எண் நான்கைத் தொடாததால் தாளின் கீழ்ப்பகுதியை எவரும் வாசிக்கவில்லை. என் பொய்யின் பங்கு எனக்குத் தெரியும். ஆனால் தூக்கமில்லை, பணக் கவலை இருக்கிறது, காப்பீடு புரியவில்லை, நடக்க முடியவில்லை என்று ஒரு பெண் தன் கையால் குறித்துக் கொடுத்த தாள் எட்டு மாதம் அங்கேயே இருந்தது. அதில் காப்பீடு என்ற ஒரு கட்டத்தை ஒருவர் பார்த்திருந்தால், சமூகப் பணியாளர் என்னிடம் வந்திருப்பார், கெடுவும் போயிருக்காது. அன்று எனக்கு வந்த கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். உளைச்சலை அளப்பது மட்டும் யாருக்கும் உதவாது. அளந்ததை ஒருவர் வாசித்து, வாசித்தவர் எழுந்து வந்து பேசும்போதுதான் அது பரிசோதனை ஆகிறது.

உளவியலாளரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக ஏழு சந்திப்புகள் போனேன். அவர் என் பயத்தைத் தவறு என்று சொல்லவில்லை. நோய் திரும்ப வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. தோலைப் பார்ப்பதற்கு மாதத்தில் ஒரே ஒரு நாள், இருபது நிமிடம், பகல் வெளிச்சத்தில் என்று இருவரும் சேர்ந்து வரையறுத்தோம். இடையில் பார்க்கத் தோன்றினால் நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போக வேண்டும். முதல் வாரம் நோட்டில் 43 பதிவுகள். ஆறாம் வாரம் ஒன்பது. எந்த மாற்றத்தைக் கண்டால் மருத்துவரை அழைக்க வேண்டும், எதற்கு அடுத்த மாதம்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு தாள் எனக்குப் பல மாத்திரைகளின் வேலையைச் செய்தது. இத்தகைய உதவிக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவில் மெலனோமா நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு விளக்க நூலும் உளவியலாளரோடு மூன்று தொலைபேசி உரையாடல்களும் கிடைத்தவர்களுக்கு, ஆறு மாதத்தின் முடிவில் நோய் திரும்பும் அச்சம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

என் பயம் நோயை அழைத்து வரும் என்ற அந்தப் பழைய நம்பிக்கையையும் அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அதற்கு ஒரு வரலாறு இருப்பதாக அவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. 1993இல் ஃபாஸி என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஆறு வாரக் குழுப் பயிற்சி பெற்ற மெலனோமா நோயாளிகள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததாக ஓர் ஆய்வை வெளியிட்டார். மனத்தைத் தேற்றினால் ஆயுள் கூடும் என்ற பேச்சு அதனால் வலுப்பெற்றது. பிறகு டென்மார்க்கில் கூடுதல் நோயாளிகளோடு அதே முறையைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஆயுளில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று 2007இல் அறிவித்தார்கள். இதைக் கேட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது விடுதலை. ஆறுதல் கேட்பது ஆயுளுக்காக அல்ல, இருக்கும் நாட்களில் தூங்கி எழுந்து வேலை பார்ப்பதற்காக என்றால், பயப்படுவதும் குற்றமல்ல. தைரியமாக இரு, திரும்ப வராது என்று நோயாளியிடம் சொல்கிற அன்பான மனிதர்களை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். நோயைச் சுமப்பவர் மேல் அது இன்னொரு சுமையை ஏற்றுகிறது.

இனி அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூட வந்தவரிடமிருந்து சற்றுத் தள்ளி அமர்ந்து எழுதுங்கள். கணவரோ மகளோ உங்களுக்காக எழுதித் தர இடம் கொடுக்காதீர்கள். படிவம் இருக்கும் மொழி புரியவில்லை என்றால், வீட்டு ஆளைக் கேட்பதைவிடச் செவிலியரைப் படித்துச் சொல்லச் சொல்வது நல்லது. மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்த நிமிடத்தை அளக்காதீர்கள். கேட்பது ஒரு வாரத்தை. அந்த வாரத்தின் இரவு இரண்டு மணியும் கணக்கில் சேரும். எண் சிறியதாக இருந்தாலும் கீழே உள்ள பட்டியலைக் கவனமாக நிரப்பி, கொடுக்கும்போது, "கீழே குறித்திருக்கிறேன், அதையும் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதை யார் வாசிப்பார்கள், எப்போது என்னிடம் பேசுவார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஒருமுறை எழுதியதோடு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நோய் தெரிந்த நாட்கள், அறுவைக்குப் பின் வீடு திரும்பிய வாரங்கள், சிகிச்சை முடிந்து விட்டுவிடும் தறுவாய், ஸ்கேனுக்கு முந்தைய நாட்கள், நோய் திரும்பினால் அந்த நேரம் என்று உளைச்சல் ஏறும் இடங்கள் பல; ஒவ்வொன்றிலும் எண் மாறும். எனக்கு மிக மோசமான காலம் அறுவைக்குப் பின் நான்காம் மாதத்தில் தொடங்கியது. உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு தாளே இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி எடுத்துப் போவோமே, அந்தக் காகிதத்தின் முதல் வரியாக உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். "இந்த வாரம் என் மன உளைச்சல் பத்துக்கு எட்டு" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் காலைக் காட்டுங்கள். வேறு எதையும் விளக்க முடியாத நாளிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடலாம்.

முகத்தில் தோல் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மூக்கிலும் கண்ணோரத்திலும் உதட்டிலும் வரும் பேசல் செல், ஸ்குவாமஸ் செல் வகைகள் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தின்றி முடிந்துவிடுகின்றன. ஆனால் தழும்பு முகத்தில் நிற்கிறது. பொதுவான படிவங்கள் இதைச் சரியாகக் கேட்பதில்லை. பிறர் உற்றுப் பார்ப்பது, தழும்பைப் பற்றிய கவலை, வெளியில் போகத் தயங்குவது ஆகியவற்றைக் கேட்பதற்காகவே ஸ்கின் கேன்சர் இண்டெக்ஸ் என்ற 15 கேள்விப் படிவம் இருக்கிறது. தோல் கட்டி நோயாளிகளுக்காக ஜெர்மனியில் ஹோர்ன்ஹைடே சிறப்பு மருத்துவமனையில் உருவான கேள்விப் படிவத்தின் சுருக்க வடிவில் ஒன்பதே கேள்விகள். இவை கிடைக்காவிட்டாலும், தோற்றம் என்ற கட்டம் இருந்தால் தயங்காமல் குறியிடுங்கள். உயிர் பிழைத்தாயிற்றே, முகத்துக்கு என்ன கவலை என்று உங்களை நீங்களே அடக்க வேண்டாம்.

நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளில், அதாவது பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவற்றில் இருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா, இரண்டு மாதமாக எதிலும் பிடிப்பில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்று தாளில் ஏழு என்று எழுதினார். செவிலியர் மருத்துவரிடம் சொல்ல, இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு வெகுவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. அந்த மருந்துகள் தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரீனல் சுரப்பிகளைப் பாதிக்கக்கூடும். அப்போது வரும் களைப்பும் சோர்வும் மனத்தின் சோர்வு போலவே தோற்றம் தரும். அவர் பொறுத்துக்கொண்டு மூன்று என்று எழுதியிருந்தால் அது இன்னும் எத்தனை நாள் மறைந்திருக்குமோ. உண்மையான எண் உடலுக்கும் உதவுகிறது என்பதை நான் அவரிடம்தான் கண்டேன்.

மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இதை வாசித்தால், அவர்களிடம் எனக்குச் சில வேண்டுதல்கள் உண்டு. தாளைக் கூட்டத்தில் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது அது எதற்கு என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். எண் எதுவாக இருந்தாலும் கீழ்ப்பகுதியை வாசியுங்கள். முதல் கட்ட நோய், அறுவையோடு முடிந்தது என்று கோப்பில் எழுதப்பட்டவரிடம் கூடுதலாக ஒருமுறை கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்றால் அவருக்கு வேறு சந்திப்பு இல்லை.

போன பணத்தில் சிறு பகுதியைச் சமூகப் பணியாளர் மேல்முறையீடு செய்து மீட்டுக் கொடுத்தார். மீதி போனது போனதுதான். தவறவிட்ட மறுபரிசோதனையைப் பின்னால் செய்துகொண்டபோது நல்லவேளையாக எதுவும் இல்லை. தங்கையிடம் முழுவதையும் சொன்னேன். அவள் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து, மறுநாள் என் மாதப் பரிசோதனையில் முதுகைத் தானே பார்ப்பதாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவள்தான் பார்க்கிறாள்.

சென்ற முறை மருத்துவமனையில் தாளை வாங்கித் தனியே ஓரமாக உட்கார்ந்து ஐந்து என்று எழுதினேன். அதே செவிலியர் வாங்கி எண்ணைப் பார்த்தார். பிறகு விரலைக் கீழே நகர்த்தினார். தூக்கம் என்ற ஒரு கட்டத்தில் மட்டும் குறியிட்டிருந்தேன். "எத்தனை நாளா?" என்றார். "நாலு நாளா, சிஸ்டர். தொடையில ஒரு புது மச்சம்" என்றேன். அவர் அந்த இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு எனக்கு முன்பாக மருத்துவரின் அறைக்குள் போனார்.